பிளசர் என்றால் எந்தக் கார்?

சினிமாவில் தப்பான காரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் அதைத்தான் வித்தை என்று நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதையில் அம்பாசடர் வந்து நின்றால் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மதுரைப் பக்கம் படம் எடுக்க வந்த கம்பெனிகளுக்கு வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தவன் நான். மாட்டு வண்டி, ஜட்கா, லாரி, பஸ், கார், எது கேட்டாலும் கொண்டுவந்து நிறுத்துவேன். கதை எந்த வருஷத்தில் நடக்கிறது என்று கேட்டால் அப்போது பல டைரக்டர்கள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். "பழைய காலம்யா, அது போதாதா?" என்பார்கள். பழைய காலம் என்று ஒரு வருஷம் காலண்டரில் கிடையாது என்று நான் சொல்வேன். சிலர் சிரித்தார்கள், சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இதில் கண் திறந்துவிட்டவர் ஓர் ஆர்ட் டைரக்டர். பேர் வேண்டாம், அவருக்குப் பேர் சொன்னாலே பிடிக்காது. அலங்காநல்லூர் பக்கம் ஒரு படப்பிடிப்பு. பண்ணையார் கார் வாங்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறார், அதுதான் காட்சி. நாங்கள் எங்கிருந்தோ ஒரு முப்பதுகளின் காரைப் பிடித்து, பார்க்கப் பழசாக இருக்கட்டும் என்று செம்மண்ணைக் கரைத்துப் பூசி, மட்கார்டில் துருப் பிடித்த மாதிரி வண்ணம் அடித்து, அதைப் பார்த்து நாங்களே மெச்சிக்கொண்டு நின்றோம். அவர் வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"கதையில இந்த வண்டிய அவரு எப்ப வாங்குனாரு?"

"இப்பத்தான் சார். வாங்கிட்டு நேரா ஊருக்குள்ள வர்றாரு."

"வாங்கிட்டு நேரா வர்றவன் வண்டி இப்படியாய்யா இருக்கும்? முன்னாடி கட்டுன எலுமிச்சம்பழம் கூட வாடியிருக்காதே!"

அன்றைக்கு மத்தியானம் வரை அந்தக் காரைத் தேய்த்துத் தேய்த்து எங்கள் கை எரிந்துபோயிற்று. நமக்குத்தான் அது பழைய கார், கதையில் இருப்பவனுக்கு அது புதுக் கார். இன்றைக்கும் டிவி தொடர்களில் வெள்ளைக்காரக் கலெக்டர் பங்களா வாசலில் காயலாங்கடையிலிருந்து வந்த மாதிரி ஒரு வண்டி நிற்பதைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சேனலை மாற்றிவிடுகிறேன்.

இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய உண்டு. நம்பர் பலகையில் தமிழ் எழுத்து இருக்கக்கூடாது, யுத்த காலம் என்றால் ஹெட்லைட்டில் மறைப்பு இருக்க வேண்டும். சரியான வண்டி கிடைக்கவே இல்லையா, கல்யாண ஊர்வலமாக மாற்றச் சொல்லி டைரக்டரைக் கெஞ்சுங்கள். மல்லிகையையும் கதம்பத்தையும் மூக்கு தெரியாமல் தொங்கவிட்டால் எந்தக் காரும் எந்த வருஷத்துக் காராகவும் ஆகும். மதுரையில் பூவுக்கா பஞ்சம்! இதெல்லாம் செய்யச் செய்ய உங்களுக்கே வந்துவிடும். நான் சொல்ல வந்தது திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டு ஊரில் நடந்தது. எண்பதுகளின் தொடக்கம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அப்போது யாரும் கார் என்று சொல்ல மாட்டார்கள். பிளசர். சவாரிக் காருக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் அப்படியே ஊருக்குள் தங்கிவிட்டது. புதுசோ பழசோ, சின்னதோ பெரியதோ, எல்லாமே பிளசர். "பிளசர்ல வந்தாக" என்றால் பஸ்ஸில் வரவில்லை, அவ்வளவுதான் அர்த்தம்.

படம் நாற்பத்திரண்டாம் வருஷத்துப் போராட்டத்தைப் பற்றியது. டைரக்டர் மதுரையில் லாட்ஜில் தங்கிக் கதை விவாதம் செய்துகொண்டிருந்தபோது அந்த ஊரிலிருந்து ஒருவர் தேடி வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், பருத்தி வியாபாரம், நல்ல வசதி. தன் அப்பா அந்த வருஷத்தில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஒருவரைத் தங்கள் பிளசரில் ஒளித்துவைத்து, திருமங்கலத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னார். பின்சீட்டுக்குக் கீழே ஆளைப் படுக்க வைத்து, மேலே பருத்தி நூல் கட்டுகளை அடுக்கி, போலீஸ் வழிமறித்த இடத்தில் சிரித்துப் பேசிவிட்டு வந்தாராம். அப்பா இருக்கிறார், பிளசரும் இருக்கிறது, இரண்டையும் வந்து பாருங்கள் என்றார். டைரக்டர் துள்ளிக் குதித்துவிட்டார். அன்று இரவே அதைக் காட்சியாக எழுதச் சொல்லிவிட்டார்.

மறுநாள் டைரக்டர், அவருடைய உதவி டைரக்டர், நான், மூன்று பேரும் போனோம். ஊரே திரண்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார் மகன். திருமங்கலத்திலிருந்து அவருடைய மாமனார் வந்திருந்தார். பெரிய குடும்பம், பெரிய மீசை. தான் பெண்ணைக் கொடுத்த இந்த வீடு தன்னைவிட ஒரு படி கீழேதான் என்ற நினைப்பு அவர் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. மகன் ஏன் நம்மைத் தேடி லாட்ஜுக்கு வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காரைப் பார்த்தேன். லேண்ட்மாஸ்டர். அம்பாசடருக்கு அண்ணன். அருமையாக வைத்திருந்தார்கள். ஆனால் ஹெட்லைட் இரண்டும் உடம்போடு உடம்பாகப் புதைந்திருந்தன. ஏறுவதற்குப் பக்கவாட்டில் பலகை இல்லை. நாற்பத்திரண்டில் இந்தக் காரை யாரும் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் இது ரோட்டுக்கே வந்தது.

"எப்படிண்ணே நம்ம பிளசரு?" என்று மகன் என் தோளில் கை போட்டுக் கேட்டார். "எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து இங்கனதான் நிக்குது. எங்காத்தா சோறூட்டும்போதெல்லாம் இந்தக் கதையத்தான் சொல்லும். உங்கய்யா பிளசர்ல வச்சு ஆளத் தப்ப விட்டாருடான்னு."

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உதவி டைரக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டான். "சார், இந்தக் கார் நாற்பத்திரண்டுல கிடையாது. ஐம்பதுகள்லதான் வந்துச்சு." நல்ல பையன், நிறையப் படித்தவன், அவன் சொன்னது அத்தனையும் சரி. சொன்ன இடம் மட்டும் தப்பு.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மாமனார் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப வண்டியே அப்ப இல்லைங்கிறீக?"

"இல்லைங்க."

"வண்டியே இல்லைன்னா ஆளைக் கடத்துனது எதுலயாம்?" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மாப்ள, ஒங்க வீட்டுல எம்புட்டு நாளாத்தான் இந்தக் கத ஓடுது?"

நாலு பேர் சிரித்தார்கள். மகனின் முகம் கறுத்துவிட்டது. என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார். டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரி" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கார் சரிதான் என்று சொல்லலாம். படம் வெளிவந்த பிறகு நாலு பேர் கிண்டல் செய்வார்கள், அது நம் தொழிலுக்குக் கேடு. கார் தப்பு என்று சொல்லலாம். உண்மைதான், ஆனால் ஒரு கிழவரை அவர் ஊரில், அவர் வீட்டு வாசலில், சம்பந்தி முன்னால் பொய்யர் ஆக்கிவிட்டுப் போவோம். அப்புறம் அவர் தெருவில் நடக்க முடியுமா?

அப்போதுதான் நான் அந்தப் பெரியவரைச் சரியாகப் பார்த்தேன். வேப்பமர நிழலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதை ஒட்டி இருக்கும். அவரைப் பொய்யர் என்று சொல்லாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவர் பதறவில்லை. அதைவிட விசித்திரம், அந்த லேண்ட்மாஸ்டரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மகனுக்கு அது சாமி மாதிரி, அப்பாவுக்கு அது அங்கே நிற்பதே ஞாபகம் இல்லை. இது என்ன கூத்து என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு விஷயம் பொருந்தவில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தேன்.

"அய்யா, அன்னிக்கு அந்த ஆளக் கொண்டுபோனீகளே, அந்த வண்டியில முன்கதவு எங்கிட்டுத் தொறக்கும்?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இத எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே" என்றார். பிறகு வலது கையைத் தூக்கி, முன்னால் இருந்து பின்பக்கமாக வீசிக் காட்டினார். "இப்படி. கீலு பின்னால இருக்கும். ஓடும்போது தொறந்துச்சுன்னா காத்து வாங்கிக்கிட்டுப் போய் அறையும். அதனால ஒரு கைய அங்கிட்டே வச்சிருக்கணும்."

"திரும்பும்போது சிக்னலு?"

"கை மாதிரி ஒண்ணு பக்கத்துலருந்து வெளிய வரும். செவப்பா வெளிச்சம் இருக்கும். வரும்னு பேருதான். நம்ம ஊரு புழுதிக்கு அது வந்தாப் போகாது, போனா வராது. வெளிய கைய விட்டுத் தட்டணும்."

உதவி டைரக்டர் என் பின்னால் வந்து நின்றுவிட்டான். அவனுக்கும் இப்போது ஆசை பிடித்துக்கொண்டது. பெரியவர் சொன்னது எல்லாமே முப்பதுகளின் கடைசியில் வந்த ஒரு சின்ன மோரிஸ் காருக்கு அச்சாகப் பொருந்தியது. வண்டி பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"ஹேண்டில் போட்டுத்தான கெளப்பணும்?"

"ஆமா. பெருவிரல மடக்காம மத்த விரலோட சேத்து வைக்கணும். இல்லைன்னா எதுத்து அடிச்சா மணிக்கட்டு போயிரும்." வலது மணிக்கட்டை நீட்டினார். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது.

"பின்சீட்டு எப்படி இருக்கும்ய்யா? சொகுசா?"

அவர் சிரித்தார். "கண்ணாடியில பாக்க நல்லாத்தான் இருக்கும்."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. சொந்தக் கார் வைத்திருந்த மனிதர் அந்தக் காலத்தில் ஹேண்டில் போட்டு மணிக்கட்டை உடைத்துக்கொள்ள மாட்டார். தன் பின்சீட்டை ஓட்டுகிறவருக்கு முன்னால் தொங்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்திருக்கவும் மாட்டார். எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. கதை நிஜம். கார் அவருடையது இல்லை.

எழுந்து டைரக்டரிடம் சொன்னேன், கூட்டத்துக்கும் கேட்கும்படி. "கதை நூத்துக்கு நூறு உண்மை சார். இந்தக் கார் இல்லை, அது வேற கார். அய்யா சொல்ற அடையாளம் எல்லாம் அந்த வருஷத்துக்குச் சரியா இருக்கு. பாக்காதவரால இதெல்லாம் சொல்ல முடியாது." உதவி டைரக்டரும் ஆமாம் சார், ஆமாம் சார் என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மகன் அப்பாவிடம் ஓடி வந்தார். "நீங்க பிளசர்னுதானய்யா சொன்னீக?"

"அதுவும் பிளசருதான், இதுவும் பிளசருதான். வேற என்னன்னு சொல்றது?" என்றார் பெரியவர். "இது பின்னால வாங்குனது. பருத்தி யாவாரத்துல. அப்ப நீ சின்னப்புள்ள."

ஒரே வார்த்தை, இரண்டு வண்டி. ஒரு வீட்டில் அத்தனை வருஷம் ஒருத்தரும் எந்த பிளசர் என்று கேட்கவில்லை. மகனுக்கு முகம் ஒரு நொடியில் மலர்ந்துவிட்டது. மாமனார் பக்கம் திரும்பினார்.

"கேட்டீகளா மாமா? அப்ப எங்க வீட்டுல ரெண்டு பிளசர் இருந்திருக்கு! வெள்ளைக்காரன் காலத்துலயே ஒண்ணு!"

பெரியவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பதையும் அவர் பார்த்தார்.

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, இங்கேதான் நாக்கை அடக்க வேண்டும். நமக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுவது திறமை என்று இந்தத் தொழிலில் ஒரு நினைப்பு இருக்கிறது. என்னிடம் காரைப் பற்றிக் கேட்டார்கள், காரைப் பற்றிச் சொன்னேன். அது யாருடைய கார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

அப்புறம் அந்த மோரிஸைத் தேடி அலைந்தேன். பெரியவர் ஓட்டிய வண்டி யுத்தம் முடிந்து எங்கே போனதோ, யாருக்கும் தெரியாது. அதே மாதிரி ஒன்று மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் இருந்தது. பட்டு வியாபாரம் செய்கிறவர்கள். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் என் எதிரிலேயே தங்கள் பாஷையில் நெடுநேரம் வாதாடினார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கடைசியில் அந்த அம்மாள் தமிழில், "புழுதியில கொண்டு போகக்கூடாது" என்றார். திருமங்கலத்துக்குத் தெற்கே புழுதி இல்லாத ரோடு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. திரும்பக் கொடுக்கும்போது வாங்கினதைவிடப் பளபளப்பாகக் கொடுப்பேன் என்று சத்தியம் செய்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

படப்பிடிப்பு அன்று ஊர் எல்லையில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். உடம்பில் புதையாமல் தனியாக நிற்கிற ஹெட்லைட், ஏறும் பலகை, பின்பக்கம் கீல் வைத்த முன்கதவு. மகன் அப்பாவைக் கைபிடித்து அழைத்து வந்தார். புது வேட்டி, புதுத் துண்டு. மாமனாரும் வந்திருந்தார். ஷாட் எடுப்பதற்கு முன்னால் பெரியவரைக் காரில் உட்கார வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று டைரக்டர் விரும்பினார்.

பெரியவர் அந்தக் காரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வீட்டு வாசலில் நின்ற காரைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன், இதைச் சுற்றி வந்து மட்கார்டைத் தடவினார், விளக்கைத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

மகன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறுங்கய்யா."

பெரியவர் அவரைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்தார். முதலில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே வாங்கினார். அந்தக் கதவுக்கு அப்படித்தான் ஏற வேண்டும். எங்கள் கதாநாயகனுக்கு அதை நான் காலையிலிருந்து சொல்லிக்கொடுத்தும் அவனுக்கு வரவில்லை.

"அங்கிட்டு இல்லய்யா, பின்னாடி உக்காருங்க. போட்டோவுக்கு" என்றார் மகன்.

"பின்னாடி மொதலாளி உக்கார்ற எடம்டா" என்றார் பெரியவர். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் இருந்தது. "எனக்கு இதான் எடம்."

மாமனார் மெதுவாகக் கேட்டார். "அப்ப வண்டி ஒங்களுது இல்லையா சம்பந்தி?"

"வண்டி மொதலாளியோடது. நூலும் மொதலாளியோடது. அவருக்குத் தெரியாமத்தான் ஆள ஏத்துனேன். புடிபட்டிருந்தா செயிலு மட்டும்தான் என்னோடது." கொஞ்சம் நிறுத்தினார். "பின்னால அவருக்குத் தெரிஞ்சு போச்சு. வேலைக்கு வராதேன்னுட்டாரு. அப்புறந்தான் ஊருக்கு வந்து பருத்தியில எறங்குனது."

மகனின் கை பின்கதவிலேயே இருந்தது. "இத ஏய்யா எங்கிட்டச் சொல்லல?"

"எங்க பிளசரு, எங்க பிளசருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. ஒனக்கு அதுல அம்புட்டுச் சந்தோசம். எனக்குச் சொல்ல வாய் வரல."

நான் மகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் சொந்தக்காரர் மகனாக இருந்தவர், மாமனார் முன்னால் டிரைவர் மகனாக நிற்கிறார். அவர் எந்தப் பக்கம் போவார் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் காரைச் சுற்றிக்கொண்டு வந்தார். முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, திறந்து கிடந்த பின்கதவைக் காட்டினார்.

"மாமா, பின்னாடி எடம் இருக்கு. ஏறுங்க, எங்கய்யா ஓட்டுவாரு."